சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்: கோல் அடிக்கும் ஃபுல்பேக் பற்றி ஓர் அறிமுகம்

"மாமா, என்னைய பேக்ல நிப்பாட்டிட்டாவ."

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா மகனின் முகம் வாடிக் கிடந்தது. போன வருஷம் வரை பள்ளிக்கூட அணியில் முன்வரிசையில் ஆடியவன். இந்த வருஷம் வந்த பயிற்சியாளர் அவன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, இடது ஓரத்தில் பின்னால் போய் நில் என்று சொல்லிவிட்டார். அவனுக்கு அது தண்டனையாகப் பட்டிருக்கிறது. பின்னால் நிற்கிறவன் கோல் அடிக்க முடியாது, கோல் அடிக்காதவன் பேர் ஊருக்குத் தெரியாது. பதின்மூன்று வயதில் அதுதான் கணக்கு.

அன்று சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் புரியும்படி, அடியிலிருந்தே வருகிறேன்.

ஓர் அணியில் பதினோரு பேர். கோலியை விட்டுவிட்டால், இன்றைக்குப் பெரும்பாலான அணிகளில் பின்வரிசையில் நான்கு பேர் நிற்பார்கள். நடுவில் நிற்கும் இருவரை நம் பக்கம் ஸ்டாப்பர் என்போம். இரண்டு ஓரங்களிலும் ஆளுக்கொருவர் நிற்கிறார்களே, அவர்கள்தான் ஃபுல்பேக். மைதானத்துப் பேச்சில் லெஃப்ட் பேக், ரைட் பேக். எதிரணியில் கோட்டை ஒட்டி ஓடிவரும் விங் ஆட்டக்காரரை மறிப்பதுதான் இவர்களின் முதல் வேலை.

ஓரத்தில் நிற்பவருக்கு எதற்கு 'ஃபுல்' என்று ஒரு பட்டம்? பழைய கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அணிகள் 2-3-5 என்று நின்றன. பின்னால் இரண்டு, நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. கோலிக்கு முன்னால் கடைசியாக நின்ற அந்த இருவர் ஃபுல்பேக். அவர்களுக்கு முன்னால் பாதி தூரத்தில் நின்ற மூவர் ஹாஃப்பேக். 1925இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை, முன்னால் நிற்பவருக்குப் பந்து தரும்போது அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணிக்காரர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றானது. முன்வரிசைக்கு வழி திறந்துவிட்டது, கோல்கள் கொட்டின. அந்த ஓட்டையை அடைக்க, நடு ஹாஃப்பேக்கைப் பின்னால் இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கும் மத்தியில் நிறுத்தினார்கள். அவர் ஸ்டாப்பர் ஆனார். ஃபுல்பேக் இருவரும் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். இடம் மாறியும் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு சட்டையில் எண் போடும் வழக்கம் வந்தபோது கோலிக்கு 1, ஃபுல்பேக்குகளுக்கு 2, 3. இந்த 3ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்ப்போம். சக்கரத்தை ஒட்டிக் கட்டையோடு நடக்கும் ஆளை யாரும் கவனிப்பதில்லை. ரத வீதி திருப்பத்தில் அவர் கட்டை போடும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் தேர் கோணிக்கொள்ளும். ஃபுல்பேக் நெடுங்காலம் அந்தக் கட்டைக்காரராகவே இருந்தார். தடுத்தார், அடித்து வெளியே அனுப்பினார், திரும்ப வந்து தன் இடத்தில் நின்றார்.

அவர் முன்னால் போய்க் கோல் அடித்தால் என்ன? தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய ஆட்டங்களுக்கான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல் முன்னால் வரைந்திருக்கும் பெட்டி 16.5 மீட்டர் ஆழம். தன் பெட்டியின் விளிம்பிலிருந்து எதிரியின் பெட்டி விளிம்புக்கு 72 மீட்டர். அவ்வளவு தூரம் ஓடிப் போய், பந்து கிடைக்காவிட்டால் அதே 72 மீட்டரைத் திரும்ப ஓடி வர வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, கால் வலிமை இருந்தால் ஓடிவிடலாம். போன இடத்தில் பந்து பறிபோய்விட்டால், அவர் விட்டுவிட்டு வந்த வெற்றிடம் எதிரிக்குத் திறந்த வாசல். பயமெல்லாம் அங்கேதான்.

எனக்கு அந்தப் பயம் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. கல்லூரியில் மூன்று வருஷம் ரைட் பேக்காக ஆடினேன். முதல் வருஷம், வெளியூரில் ஓர் ஆட்டம். எனக்கு முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் யோசிக்காமல் ஓடிவிட்டேன். எனக்கு வர வேண்டிய பாஸ் குறுக்கே மறிக்கப்பட்டது. எதிரணி விங்காரன் நான் விட்டுவந்த இடத்தில் பந்தோடு நுழைந்தான். அவனை மறிக்க எங்கள் ஸ்டாப்பர் ஓரத்துக்கு வர வேண்டியதாயிற்று. நடுப்பகுதி காலி. ஓரத்திலிருந்து கோல் முன்னால் ஒரே கிராஸ், கோல். 1-0 என்று தோற்றோம். தோற்றதற்கு நான்தான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

அந்த ஸ்டாப்பர் உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். மணலில் ஆடி உரமேறிய கால். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பயிற்சியில் பக்கத்தில் வந்து நின்று சொன்னான்: "போறதுல தப்பில்ல. சொல்லிட்டுப் போல."

சொல்லிவிட்டுப் போவது. கோல் அடிக்கும் ஃபுல்பேக்கின் சூட்சுமம் முழுவதும் எனக்கு அந்த ஒரு பேச்சில்தான் விளங்கியது. வெளியூர் கிளம்பும்போது நம் தெருக்களில் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோம் இல்லையா? நேற்றுக் குடிவந்தவரிடம் கொடுப்போமா? பல காலம் பழகி, இன்ன நேரத்துக்குப் பால்காரர் வருவார், இன்ன நேரத்துக்கு மோட்டார் போட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவரிடம்தான் கொடுப்போம். முன்னால் ஓடும் ஃபுல்பேக்கும் அப்படித்தான் தன் இடத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். மூன்றாம் வருஷம் எனக்குத் திரும்பிப் பார்க்கும் தேவையே இருக்கவில்லை. பின்னாலிருந்து "போ" என்று அவன் குரல் வந்தால் போவேன், "நில்லு" என்றால் நிற்பேன். மூன்று வருஷத்தில் நான் அடித்தது இரண்டே கோல். இரண்டும் அந்தக் கடைசி வருஷத்தில்.

இதே விஷயத்தை உலகமே பார்க்கும்படி 18 பருவங்கள் செய்துகாட்டிய ஒரு மனிதர் இருந்தார். இத்தாலியின் மிலான் நகரத்து இன்டர் கிளப்பின் லெஃப்ட் பேக், ஜாச்சின்டோ ஃபக்கெட்டி.

1942 ஜூலை 18இல் மிலானுக்குப் பக்கத்திலுள்ள ட்ரெவிலியோ என்ற சிற்றூரில் பிறந்தவர். உயரம் 1.88 மீட்டர். அந்தக் காலத்து ஃபுல்பேக்குகளில் அது தனியாகத் தெரிகிற உயரம். ஊர் அணியில் அவர் ஆடியது முன்வரிசையில். (இந்த இடத்தில்தான் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.) இன்டரின் பயிற்சியாளர் எலெனியோ எரேரா அவரை இழுத்து இடது பின்வரிசையில் நிறுத்தினார். 1961 மே 21இல் ரோமா அணிக்கு எதிராக முதல் ஆட்டம். அதிலிருந்து 1978 வரை வேறு எந்தக் கிளப்பின் சட்டையையும் அவர் போடவில்லை. மொத்தம் 634 ஆட்டங்கள், 75 கோல்கள். அதில் இத்தாலிய லீக்கில் மட்டும் 59.

75 என்பது பெரிய எண்ணா என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். முன்வரிசைக்காரருக்கு அது நான்கைந்து வருஷ வேலை. பின்வரிசைக்காரர் ஒரு பருவத்தில் ஒன்றோ இரண்டோ அடித்தாலே அன்றைக்குப் பேச்சாக இருந்த காலம். அப்போது 1965-66 பருவத்தில், லீக்கில் மட்டும் ஃபக்கெட்டி 10 கோல் அடித்தார். அதுவும் கோல் விழுவது அரிதாக இருந்த லீக்கில், தடுப்பாட்டத்துக்கே பேர் போன ஓர் அணியில்.

அந்த அணியின் ஆட்ட முறைக்கு இத்தாலியில் 'கதெனாச்சோ' என்று பெயர். தாழ்ப்பாள் என்று அர்த்தம். உள்ளே யாரும் வர முடியாதபடி கதவை அடைத்துத் தாழ்போட்டுவிட்டு, எதிரி அசந்த நேரத்தில் பாய்வது. தாழ்ப்பாள் போட்ட வீட்டிலிருந்து ஒரு காவல்காரர் மட்டும் எப்படி வெளியே போய்வந்தார்? இதைத்தான் ஆற அமரப் பார்க்க வேண்டும்.

நான்கு பேரைக் கவனியுங்கள். முதலாவது, அர்மாண்டோ பிக்கி. எல்லாத் தடுப்பாட்டக்காரர்களுக்கும் பின்னால், யாரையும் குறிவைத்துத் தொடராமல் தனியாக நிற்பவர். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைப்பது அவர் வேலை. ஃபக்கெட்டியின் வீட்டுச் சாவி இவரிடம்தான். இரண்டாவது, வலது ஓரத்து ஃபுல்பேக் தார்ச்சீசியோ புர்னிச். இவர் பெரும்பாலும் முன்னால் போகமாட்டார். ஒருவர் கிளம்பினால் மற்றவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். மூன்றாவது, வலது விங்கில் பிரேசில்காரர் ஜாயிர். புர்னிச் நின்றுவிட்டாலும் வலது பக்கத் தாக்குதலை இவர் பார்த்துக்கொள்வார். நான்காவது, மாரியோ கோர்சோ. பெயருக்கு இவர் இடது பக்கத்து ஆட்டக்காரர். ஆனால் கோட்டை ஒட்டி நிற்க அவருக்குப் பிடிக்காது. பந்தைத் தேடி நடுவுக்கு வந்துவிடுவார். அவரை மறிக்கும் எதிரியும் கூடவே உள்ளே இழுபடுவார்.

அப்போது இடது ஓரம் முழுக்கக் காலி. மடையைத் திறந்தால் தண்ணீர் பள்ளமான வயலைத் தேடிப் போவதுபோல ஃபக்கெட்டி அந்த இடத்துக்குள் ஓடுவார். தடகளத்தில் பழகிய நீண்ட கால்கள், முன்வரிசையில் ஆடிய பழைய புத்தி. வலது கால் பழக்கமுள்ளவர் என்பதால் கோட்டை ஒட்டியே போய்க் கிராஸ் போடுவதோடு நிற்காமல், உள்பக்கம் வெட்டித் திரும்பி நேரே கோலை நோக்கி அடிக்கவும் முடிந்தது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் 1965 மே 12. கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், மிலானின் சான் சீரோ அரங்கம். முதல் ஆட்டத்தில் லிவர்பூலிடம் இன்டர் 3-1 என்று தோற்றிருந்தது. கோர்சோவும் பெய்ரோவும் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு கோல் அடித்து, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-3 என்று சமன் செய்துவிட்டார்கள். இன்னும் ஒன்று வேண்டும். 62ஆம் நிமிடத்தில் அதை அடித்தது லெஃப்ட் பேக். ஒரு தவறு நேர்ந்து லிவர்பூல் இன்னொன்று போட்டிருந்தால் நிலைமை தலைகீழ். அந்த நேரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் தன் இடத்தை விட்டுவிட்டு எதிரியின் கோல் முன்னால் போய் நின்றார் என்றால், பின்னால் நிற்பவர்கள் மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகாவை 1-0 என வென்று, இன்டர் இரண்டாம் வருஷமாக ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் யூசேபியோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார் ஃபக்கெட்டி.

அவர் கற்றுக்கொடுத்த பாடம் அவருக்கே எதிராகவும் திரும்பியது. 1967 மே 25, லிஸ்பன். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி. 7ஆம் நிமிடத்தில் பெனால்டியில் கோல் அடித்த இன்டர், கதவைச் சாத்தித் தாழ்போட்டது. அதை உடைத்தது யார்? 63ஆம் நிமிடத்தில் செல்டிக்கின் ரைட் பேக் ஜிம் கிரெய்க் பந்தைக் குறுக்கே தள்ள, லெஃப்ட் பேக் டாமி ஜெம்மல் ஓடிவந்து ஓங்கி அடித்தார். ஒரு ஃபுல்பேக் கொடுக்க இன்னொரு ஃபுல்பேக் அடித்த கோல். கடைசியில் செல்டிக் 2-1 என்று வென்றது. அந்த அணியின் பதினோரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள் என்று சொல்வார்கள். ஒரே காற்றைக் குடித்து வளர்ந்தவர்கள். இரண்டு ஃபுல்பேக்குகளும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் துணிச்சல் அவர்களுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இத்தாலியின் தலைவராக ஃபக்கெட்டி. 86ஆம் நிமிடம். பிரேசிலின் ஜாயிர்சின்யோ வலது ஓரத்தை விட்டுவிட்டு நடுவுக்கும் இடதுக்கும் நகர, அவரைத் தொடர்ந்து ஃபக்கெட்டியும் தன் இடத்தை விட்டு வந்துவிட்டார். பெலே பந்தை நிதானமாக வலது பக்கம் தள்ளினார். காலியாகக் கிடந்த அந்த ஓரத்தில் பாய்ந்துவந்து அடித்தவர் பிரேசிலின் ரைட் பேக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ. 4-1. ஃபுல்பேக் என்றால் என்ன என்று எனக்கு ஒரே ஒரு கோலைக் காட்டி விளக்கச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். ஒரு ஃபுல்பேக் எப்படி வருகிறார், இன்னொரு ஃபுல்பேக் எப்படி இழுக்கப்படுகிறார் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

இனி விசுவாசம். ஒரே கிளப்பில் கடைசி வரை இருப்பதை நாம் பாசம், நன்றி என்ற வார்த்தைகளில் பேசுகிறோம். அதெல்லாம் இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் கோல் அடிக்கும் ஃபுல்பேக்குக்கு அது தொழில் முதலும்கூட. முன்வரிசைக்காரர் எந்த அணிக்குப் போனாலும் தன் காலையும் கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஃபுல்பேக்கின் கோல்களில் பாதி, பின்னால் நிற்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. இன்ன ஆள் இன்ன நேரத்தில் கிளம்புவான் என்று பிக்கிக்கும், இவர் உள்ளே வந்தால் அவர் வெளியே ஓடுவார் என்று கோர்சோவுக்கும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். அது ஒப்பந்தக் கையெழுத்தோடு வந்துவிடாது. வருஷங்கள் எடுக்கும். கிளப் மாறினால் மறுபடியும் சாவியை யாரிடம் கொடுப்பது என்று தேட வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. 1951இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சைலன் மன்னா, மோகன் பகான் கிளப்பின் லெஃப்ட் பேக். 1942 முதல் 1960 வரை அங்கேதான். கோலை நோக்கி ஃப்ரீ கிக் அடிப்பதில் பெயரெடுத்தவர். அந்தத் தலைமுறை ஃபுல்பேக்குக்குக் கோல் வாய்ப்பு அப்படித்தான் வரும், ஆட்டம் நின்றிருக்கும்போது. தன் இடம் பறிபோகும் பயமில்லாமல்.

ஃபக்கெட்டியைப் பற்றி இன்னும் ஒன்றிரண்டு சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1968 ஐரோப்பிய நாடுகளின் கோப்பை அரையிறுதியில் சோவியத் அணியோடு இத்தாலி ஆடிய ஆட்டம், கூடுதல் நேரமும் சேர்த்து, கோலின்றி முடிந்தது. அன்று பெனால்டிப் போட்டி கிடையாது. பூவா தலையா போட்டார்கள். தலைவர் ஃபக்கெட்டி பூ கேட்டார், பூ விழுந்தது. இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை மறு ஆட்டத்தில் வென்று கோப்பையைக் கையில் எடுத்தார். நாட்டுக்காக 94 ஆட்டங்கள். ஒரு தடுப்பாட்டக்காரரை இத்தனை வருஷத்தில் எத்தனை முறை நடுவர் வெளியே அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அவர் மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டது ஒரே ஒரு முறை. அதுவும் நடுவரைப் பார்த்துக் கை தட்டியதற்காக. நான்கு லீக் பட்டங்கள், கடைசிப் பருவத்தில் இத்தாலியக் கோப்பை. ஓய்வுக்குப் பிறகும் கிளப்பை விட்டுப் போய்விடவில்லை. 2004இல் இன்டர் கிளப்பின் நிர்வாகத் தலைவர் பொறுப்புக்கு வந்து, 2006 செப்டம்பர் 4இல் இறக்கும்வரை அதில் இருந்தார். அவர் போட்ட 3ஆம் எண் சட்டையை அதன்பின் இன்டரில் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடுத்த முறை டிவியில் ஆட்டம் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரு ஃபுல்பேக்கை மட்டும் பாருங்கள். அவர் கிளம்பும் நொடியில் அவருக்குப் பின்னால் யார் நகர்கிறார்கள் என்று பாருங்கள். சில அணிகளில் ஸ்டாப்பர் ஓரத்துக்குச் சரிவார். சிலவற்றில் நடுவரிசைக்காரர் ஒருவர் இறங்கி நிற்பார். எதிர்ப் பக்கத்து ஃபுல்பேக் அநேகமாக நின்றுவிடுவார். யாருமே நகராவிட்டால், அந்த அணி இன்னும் அணியாகச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "சரி மாமா, நான் எப்பம் முன்னால போணும்?" என்றான்.

"ஒன் பக்கத்துல நிக்கான்லா ஸ்டாப்பர், அவன் எந்தத் தெரு?"

தெரியாது என்றான். வேற கிளாஸ் பையன், பேசியதே இல்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு தடவை நடுக்கோட்டைத் தாண்டினான். பந்து அவனுக்கு வரவில்லை. அறுபது மீட்டர் திரும்ப ஓடிவந்து, மூச்சு வாங்க அந்த ஸ்டாப்பர் பையனிடம் ஏதோ கேட்டான். அவன் கையை நீட்டி எதையோ காட்டிப் பதில் சொன்னான்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கோல் பேச்சையே எடுக்கவில்லை. "மாமா, அந்தப் பயலுக்கு வீடு சமாதானபுரத்துலயாம். நாளையிலருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சைக்கிள்ல வருவோம்" என்றான்.